ஆலை வாசலில் பூட்டிய தாலி

எங்கள் அக்காவின் ஆண்டுத் திவசத்துக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலருக்கு, அவர் வேலைத்தலத்தில் தாலியைக் கழற்றினார் என்பது தெரியும். ஏன் கழற்றினார் என்பது ஆளுக்கொரு விதமாகப் பேசப்பட்டது. நேரில் கண்டதையும் விசாரித்து அறிந்ததையும் தம்பியாகிய நான் இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா கரவெட்டியில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். போர் அவரைப் படிப்பிலிருந்தும் ஊரிலிருந்தும் எழுப்பியது. கொழும்பில் லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்த காலத்தில், பக்கத்துக் கோயிலில் பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் முன்னிலையில் அத்தானைக் கைப்பிடித்தார். பின்னர் இருவரும் ஜேர்மனிக்கு வந்து டுசல்டோர்ஃப் நகருக்கு வெளியே ஓர் அகதி முகாமில் அறை பெற்றார்கள். தஞ்சக் கோரிக்கை மறுக்கப்பட்டது. கையில் இருந்தது "டுல்டுங்" மட்டுமே. திருப்பி அனுப்புவதை இப்போதைக்கு ஒத்திவைத்திருக்கிறோம் என்று சொல்லும் தாள் அது. பல ஆண்டுகள் அந்தத் தாளிலேயே வாழ்ந்தார்கள்.

உணவகச் சமையலறையில் வேலை செய்த அத்தானுக்கு இதய நோய் வந்தது. அக்கா சலாட் வெட்டிப் பொதி செய்யும் ஆலையில் சேர்ந்தார். அந்த நாட்களில் சட்டம் மாறியது. சொந்த உழைப்பில் வாழ்பவர்களுக்கு வதிவிட அனுமதி தரலாம் என்றானது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் அக்காவின் விண்ணப்பத்தை வாங்கிய பெண் அதிகாரி சொன்னதை நான்தான் மொழிபெயர்த்தேன்: "வேலை இருக்கும்வரை பிரச்சினை இல்லை. வேலை போனால் இங்கே வர வேண்டாம், பயணப்பையை எடுத்துவையுங்கள்." அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அப்போதுதான் ஆலை ஒல்லாந்து நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறியது. புதிய சுகாதார விதி வந்தது. நகை எதுவும் கூடாது; வழுவழுப்பான கல்யாண மோதிரம் மட்டும் விலக்கு. விதியில் தவறில்லை. உணவுக்குள் சங்கிலி விழக்கூடாது. தவறு விலக்கில் இருந்தது.

மேற்பார்வையாளர் அக்காவின் கழுத்தைக் காட்டினார்.

"அது சங்கிலி. கழற்றுங்கள்."

"அவவின்ர விரல்ல கிடக்கிறது என்ன?" என்று அக்கா பக்கத்தில் நின்ற ஹைக்கேயைக் காட்டிக் கேட்டார். ஹைக்கே அதே மேசையில் பொதி செய்யும் ஜேர்மன் பெண்.

"அது கல்யாண மோதிரம்."

"இதுவும் அதுதான்."

தாலிக்கொடியைத் துணியால் சுற்றி உடையோடு தைத்துக்கொண்டு வருகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தார். எழுத்தில் எச்சரிக்கை வந்தது. இன்னொன்று வந்தால் வேலை நீக்கம்.

வீட்டில் அத்தான் சொன்னார்: "கழட்டி வையுமப்பா. நான் உயிரோடதானே இருக்கிறன்."

"நீங்கள் இருக்கிறபடியாத்தான் கழட்டேலாது எண்டுறன்."

தொழிலாளர் சபை ஒரு கூட்டம் வைத்தது. மொழிபெயர்க்க நானும் போனேன். மோதிரத்துக்கு ஒரு நியாயம், தாலிக்கு வேறொரு நியாயமா என்று சபைத் தலைவர் கேட்டார். முகாமையாளர் நீண்ட நேரம் தன் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, வேறுபாடு வேண்டாம். திங்கட்கிழமையிலிருந்து மோதிரமும் கிடையாது" என்றார். தலைவர் அதை வெற்றியாக எடுத்துக்கொண்டு எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

அக்கா என் காதில், "தம்பி, நான் இதையோ கேட்டனான்?" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. கூட்டம் முடிந்துவிட்டிருந்தது.

திங்கட்கிழமை நடந்ததை அக்காவும், பல ஆண்டுகளுக்குப் பின் ஹைக்கேயும் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போகின்றன. உடைமாற்றும் அறையில் அக்காவோடு எவரும் பேசவில்லை. ஹைக்கேயின் கணவர் இறந்துவிட்டவர். அவர் போட்ட மோதிரம் வீங்கிய விரலை விட்டு வர மறுத்தது. வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார் மேற்பார்வையாளர்.

"உன்னால்தான்!" என்று ஹைக்கே அக்காவைப் பார்த்துக் கத்தினார். "உன் சங்கிலியும் நீயும்! வந்த இடத்துக்கே போ!"

அக்கா கைப்பையிலிருந்து தையல் நூலை எடுத்தார். நூலின் ஒரு நுனியை மோதிரத்தின் அடியால் கோத்து, மற்றப் பக்கத்தை விரலில் நெருக்கமாகச் சுற்றி, சவர்க்காரம் பூசி, அடியிலிருந்து மெல்ல அவிழ்த்தார். மோதிரம் முழுதாக வந்தது. அதை ஹைக்கேயின் உள்ளங்கையில் வைத்தார். பிறகு எல்லோரும் பார்த்திருக்கத் தன் கொடியின் கொழுக்கியைக் கழற்றினார். "அவ கழட்டின பிறகு நான் எப்பிடிப் போட்டுக்கொண்டு நிக்கிறது?" என்றுதான் எனக்குக் காரணம் சொன்னார்.

எச்சரிக்கை கடைசிவரை திரும்பப் பெறப்படவில்லை. எல்லோருக்கும் ஒரே விதி வந்தது. கேட்டவருக்குக் கேட்டது கிடைக்கவில்லை.

எங்கள் பக்கமும் சும்மா இருக்கவில்லை. லண்டனிலிருந்து சின்னம்மா தொலைபேசியில், "புருசன் இருக்கேக்கை தாலியை அலுமாரிக்க வைக்கிறவளை நான் இப்பதான் காணுறன்" என்றார்.

"அப்ப நீங்கள் வந்து என்ர வேலையைச் செய்யுங்கோ சின்னம்மா. நான் தாலியோட வீட்டில இருக்கிறன்."

தானே கழற்றினாலும், பூட்டுவது அத்தான் மட்டும்தான் என்பது அக்காவின் முடிவு. வீடு போய்ச் சேரும்வரை பொறுக்கவும் அவருக்கு மனமில்லை. அதனால் ஒவ்வொரு மாலையும் அத்தான் பேருந்து ஏறி ஆலை வாசலுக்கு வந்தார். அக்கா பின்னலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி நிற்பார். பனிக்காலத்தில் விறைத்த விரலால் அத்தான் கொழுக்கியோடு மல்லுக்கட்டுவார்.

மதிலோரம் புகைத்துக்கொண்டு நிற்கும் ஹைக்கே எல்லோருக்கும் கேட்க, "இன்றைக்கும் கல்யாணமா?" என்பார். பெண்கள் சிரிப்பார்கள். அது நட்பான சிரிப்பு அல்ல. அத்தான் "யா, யா" என்று தலையாட்டுவார். "பல்லைக் காட்டாமல் கெதியாப் பூட்டுங்கோ, பஸ் போகப்போகுது" என்பார் அக்கா. அத்தான் ஆசுபத்திரியில் கிடந்த நாட்களில் அக்கா வெறுங்கழுத்தோடு வீடு போனார். கோயிலில் கண்டவர்கள் கண்டபடி பேசினார்கள்.

வதிவிட அனுமதி கிடைத்தது. ஆலை வாசலில் அந்தக் கல்யாணம் அக்கா ஓய்வு பெறும்வரை நடந்தது. கேலி எப்போது நின்றது என்று ஹைக்கேக்கும் நினைவில்லை.

அக்காவின் கடைசி நோயில், ஸ்கேன் படம் எடுப்பதற்காகத் தாதி கொடியைக் கழற்றச் சொன்னார். அத்தான் கழற்றித் தன் சட்டைப்பையில் வைத்தார். திரும்பப் பூட்ட அக்கா நினைவோடு இருக்கவில்லை.

ஆசுபத்திரியில் முறை வைத்து நின்ற உறவுகளுக்கும், சமைத்து அனுப்பிய அயலவர்களுக்கும், கிரியைகளைச் செய்த ஐயருக்கும், தொலைவிலிருந்து வந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். இறுதிச் சடங்கு நாளில், பெட்டியை மூடுமுன் மண்டப ஊழியர் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "கல்யாண மோதிரம் உடலோடு இருக்கட்டுமா?" அத்தான் சட்டைப்பையிலிருந்து கொடியை எடுத்தார். "சரி, இருக்கட்டும்" என்றார் ஊழியர். கழற்ற வேண்டிய நேரத்தில் பூட்டுவதா என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். ஐயர், "அது அவற்ற விருப்பம்" என்றார்.

அத்தான் பூட்டப் பார்த்தார். கொழுக்கி மாட்டவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஹைக்கே எழுந்து வந்தார். அவர் விரலில் அந்த மோதிரம் இருந்தது. அக்காவின் தலையை மெல்லத் தூக்கி, பின்னலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார். கொழுக்கி மாட்டும்வரை பிடித்திருந்தார். பிறகு அத்தானுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார்:

"இன்றைக்கும் கல்யாணம்."

"யா," என்றார் அத்தான்.