பறக்காத மடையான்

ஜெயபுஷ்பம் நாற்பத்தாறு வருஷமாக அந்த ஏரியை நிமிர்ந்து பார்த்தவள் இல்லை. ஆம்பூர் பஸ் அதன் கரையை ஒட்டித்தான் போகும். அந்த இடம் வந்தால் பையில் எதையோ தேடுகிறவள்போல் தலையைக் குனிந்துகொள்வாள். அப்படிப்பட்டவளை ஐப்பசி முதல் சனிக்கிழமை காலையில் கையைப் பிடித்து இழுத்துப் போனவள் தம்பி மகள் கரோலின்.

கரோலின் நர்ஸ். பறவை என்றால் உயிர். மழை பிடித்துவிட்டால் லீவு நாளில் ஆட்களைச் சேர்த்து ஏரி ஏரியாகக் காட்டிக்கொண்டு திரிவாள். சொந்த ஊர் ஏரிக்குக் கூட்டி வந்தது அன்றுதான் முதல் தடவை. பன்னிரண்டு பேர். என் அத்தைக்குத் தெரியாத பறவை இல்லை என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தாள். எப்படித் தெரியும் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

ஜெயபுஷ்பத்தின் அப்பா ஞானமுத்துவுக்குப் பிள்ளைகள் நாலு. மூத்தவள் அரக்கோணத்தில் வாழப்போய்ப் பிரசவத்தில் போனாள். அடுத்தது தொட்டிலிலேயே போனது. நின்றது ஜெயபுஷ்பமும், ஏழு வருஷம் கழித்துப் பிறந்த அந்தோணியும்தான். மனுஷனுக்குத் தோல் ஷெட்டில் வேலை. மழைக்காலத்தில் தோல் காயாது, வேலை கம்மி. அந்த மாதங்களில் கறிக்கு விற்க மடையான் கொக்கு பிடிப்பார். உயிருள்ள ஒரு மடையானைக் காலில் கட்டிக் கரையில் நிறுத்தினால், மேலே போகிறவை துணை இருக்கிறது என்று நம்பி இறங்கும். சுற்றிப் போட்ட கண்ணியில் மாட்டும். நிறுத்திய பறவை ஆளைக் கண்டு மிரளக் கூடாது. அதற்காக அதன் இமைகளை நூலால் தைத்து, தலைமேல் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். பெரிய விரலுக்கு அந்த வேலை வராது. எட்டு வயதிலிருந்து அது ஜெயபுஷ்பத்தின் வேலை. பதினாலு வயதில் ஷூ கம்பெனிக்குப் போனபோது, அப்பா சொல்லி, தம்பிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் போனாள்.

கம்பெனியிலும் தையல்தான். மெஷின் ஊசிக்கடியில் தோல் சில நாள் துடிக்கும். அவள் நிறுத்தி, தூக்கிப் பார்த்து, வெறும் தோல்தான் என்று நிச்சயம் செய்துகொண்டு மறுபடி மிதிப்பாள். பேஜாரு பிடித்தவள் என்று பக்கத்து மெஷின்காரிகள் சிரிப்பார்கள்.

அப்பா சாகக் கிடந்த கடைசி வாரம் பட்டப்பகலில், இருட்டா இருக்கு, லைட்டைப் போடு என்று அரற்றிக்கொண்டே இருந்தார். கண்ணைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டார். ஒருநாள் மகளைக் கூப்பிட்டு, "தையலப் பிரிச்சுடுடி" என்றார். வந்தவர்களுக்குப் புரியவில்லை. அக்காளுக்கும் தம்பிக்கும் புரிந்தது. இனி ஒரு பறவையைத் தொடமாட்டேன் என்று அந்தோணி பைபிளின் மேல் கை வைத்துச் சொன்னான்.

அந்தச் சனிக்கிழமை ஏரியில் வாலாட்டிக் குருவிகள் வந்திருந்தன. தண்ணீர் வழிந்தோடும் கலங்கல் பக்கம் திரும்பியதும் கரோலின் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினாள். பத்தடியில் ஒரு மடையான். சத்துவாச்சாரியிலிருந்து வந்த பூர்ணிமா செல்போனோடு இன்னும் நாலடி போனாள். அது அசையவில்லை. நம்மை நம்புகிறது பாருங்கள் என்று யாரோ குசுகுசுத்தார்கள்.

ஜெயபுஷ்பத்துக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தால் கரோலினுக்கு அப்பன் போய்விடுவான். திறக்காவிட்டால் அது அங்கேயே நிற்கும்.

செருப்பை விட்டுவிட்டுச் சேற்றில் இறங்கினாள்.

"அத்தை, கிட்ட போவாதீங்க. பறந்துடும்."

"பறக்காதும்மா. கண்ணு தைச்சிருக்கு."

பர்ஸில் எப்போதும் கிடக்கும் கம்பெனிக் கத்தரி, நூல் நறுக்குகிற சின்னது, கைக்கு வந்தது. பறவையை மார்போடு அணைத்துப் பிடித்து, தலைமேல் கட்டியிருந்த முடிச்சைப் பார்த்தாள். மூன்று சுற்று, முனையை உள்ளே செருகியிருந்தது. அப்பாவின் முடிச்சு இரண்டு சுற்று. மூன்று சுற்று அவளுடையது.

நறுக்கினாள். நூலை உருவினாள். காலில் இருந்த கயிற்றையும் அறுத்தாள்.

கரோலின் பக்கத்தில் வந்து நின்றாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"சின்ன வயசுல நான் தைச்சிருக்கேன்."

"இத இப்போ யாரு தைச்சது?"

எவனோ வெளியூர்க்காரன் என்று சொல்ல நாக்கு தயாராகத்தான் இருந்தது. அதற்குள் பறவை ஒரு கண்ணைத் திறந்தது. மஞ்சள் கண். அது அவளையே பார்த்தது.

"நான் ஒரே ஒருத்தனுக்குத்தாம்மா கத்துக்குடுத்தேன்."

கரோலின் குனிந்து, புல்லுக்குள் இருந்த கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கீழே விட்ட பறவை நின்றுகொண்டே இருந்தது, பறக்கலாம் என்பது மறந்துபோனதுபோல. பிறகு சேற்று நிறத்துக்குள்ளிருந்து அத்தனை வெள்ளையும் விரிய, எழும்பிப் போனது. யாரும் படம் எடுக்கவில்லை.

மத்தியானம் அந்தோணி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அவனும் வேலை பார்த்த தோல் ஷெட் மூடியதிலிருந்து அவனுக்கு நிலையான வேலை இல்லை.

"இன்னாக்கா, பறவையெல்லாம் பாத்தியா?"

கரோலின் அவனைத் தாண்டி உள்ளே போனாள். ஜெயபுஷ்பம் அவன் உள்ளங்கையை விரித்து நூலை வைத்தாள்.

அவன் அதைப் பார்த்தான். கண்ணை ஒருமுறை தேய்த்துக்கொண்டான். வாசலெல்லாம் வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, எழுந்து உள்ளே போய் லைட்டைப் போட்டான்.