நோய் வாப்பாவுக்கு, ஊசி எனக்கா?

அளவு நாடா கேற்றுக்கு மேலால் பறந்து வந்து ஒரு தாயின் தோளில் விழுகிறது. "நெஞ்சச் சுத்திப் பிடிங்க. இறுக்காதிங்க, புள்ளைக்கு மூச்சு வேணும். எத்தின?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். "இருவத்தாறு." "கையத் தூக்கச் செல்லுங்க. மறுகா ஒருக்காத் திரும்பச் செல்லுங்க." பள்ளிச் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த பையன் வீட்டு வாசல் ஒழுங்கையின் நடுவே, பொலிஸிடம் சரணடைந்தவனைப் போல, இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றுகிறான். வேலை முடிந்ததும் நாடா வந்த வழியே பறந்து போய்ச் சவர்க்காரத் தண்ணீர்க் கோப்பைக்குள் விழுகிறது.

காத்தான்குடியில் கேற்றைத் திறக்காமலே சீருடை தைத்துக் கொடுப்பவர் நிஸ்மியா ஒருவர்தான். முப்பத்தெட்டு வயது. உதட்டில் எப்போதும் இரண்டு குண்டூசிகள். பேசும்போதும் அவற்றை எடுப்பதில்லை என்பதால், எதிரே நிற்பவர்கள் அவருடைய பேச்சை ஓரடி தள்ளி நின்றே கேட்பது வழக்கம். இப்போது அந்த ஓரடியை அவர் ஆறடியாக நீட்டியிருக்கிறார்.

காரணம் உள்ளே சாய்மனைக் கதிரையில் கிடக்கிறார். கணவர் அஸாம். கழுத்தில் கட்டியாக வந்த நோய்க்கு மூன்று கிழமைக்கு ஒருமுறை மருந்தேற்றுகிறார்கள். அந்த மருந்து கட்டியை அடிக்கிற அடியில் உடம்பின் காவற்காரர்களையும் சேர்த்து அடித்துவிடுகிறது. போன மே மாதம் நிஸ்மியாவின் தங்கை மகன் ஒருவன் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்து பெரியப்பாவின் மடியில் ஏறினான். பையனுக்கு இரண்டு நாளில் சுகம். பெரியப்பா பதினொரு நாள் வார்டில். அடுத்த மருந்தேற்றல் ஒரு மாதம் தள்ளிப்போனது. அந்த மாதத்தைக் கட்டி வீணாக்கவில்லை.

"வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா? மாரிக்கு முதல் அவர்களுக்குச் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போடுங்கள், வருடா வருடம்" என்றார் டொக்டர். அஸாமுக்கும் போட்டாயிற்று. ஆனால் அவருடைய உடம்பில் அது அரைகுறையாகத்தான் பிடிக்குமாம். நிஸ்மியா இதைத் தன் தொழில் மொழிக்கு மாற்றிக்கொண்டார். "துணி மெல்லிசா இரிந்தா என்ன செய்யிற? உள்ளுக்கு லைனிங் வைக்கிற. இவருக்கு இந்தப் புள்ளையள்தான் லைனிங்."

லைனிங்காக நியமனம் பெற்ற இருவரில் மூத்தவள் ஹிபா, பதினொரு வயது, மறுபேச்சின்றிக் கையை நீட்டினாள். இளையவர் அஸ்பாக், ஆறு வயது, சட்டப் பிரச்சினை ஒன்றைக் கிளப்பினார். "நோய் வாப்பாக்கு, ஊசி எனக்கா?" கேள்வி நியாயமானது என்பதால் பதில் சொல்லப்படவில்லை. புளியந்தீவு ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய்ப் போடப்பட்டது. முதன்முறை போடுகிற சின்னவர்களுக்கு நாலு கிழமை கழித்து இன்னொன்று உண்டு என்ற தகவல் அவரிடமிருந்து மறைக்கப்பட்டிருந்தது. அது வெளியானபோது வீட்டில் ஒரு நாள் உண்ணாவிரதம் நடந்தது; பகல் சாப்பாடு வரைக்கும். "ஒத்தத் தையல் பிரிஞ்சிரும் மனே. ரெட்டத் தையல்தான் நிக்கும்" என்று உம்மா சமாதானம் சொன்னார்.

ஊசி போட்டு வந்த பிள்ளையின் இடது கைச் சட்டையில் நிஸ்மியா நீலத் தையல் சோக்கட்டியால் ஒரு கோடு இழுப்பார். சின்னவருக்கு இரண்டாவது ஊசியும் போட்டுவிட்டால் குறுக்கே இன்னொரு கோடு. கோடு முழுசாகி, ஊசி பிடிக்க இரண்டு கிழமையும் கழிந்து, மூக்கும் காய்ந்திருந்தால் உள்ளே போகலாம். ஒழுங்கைப் பையன் ஒருவன் தானே கோடு போட்டுக்கொண்டு வந்து நின்றான். "இது பள்ளிக்கூடத்துச் சோக், மனே. என்ட சோக் நீலம். உம்மாக்கிட்டச் செல்லி ஊசியப் போட்டுட்டு வா" என்று திருப்பி அனுப்பப்பட்டான்.

நோய் விசாரிக்க வருகிறவர்கள் பெரிய படை. அப்பிளும் முந்திரிகைக் குலையும் விசுக்கோத்தும், கூடவே இருமுகிற பிள்ளை ஒன்றும் இல்லாமல் இந்த ஊரில் யாரும் நோயாளி பார்க்க வருவதில்லை. அஸாமின் சித்தி நபீஸா தன் கடைசி மகனோடு வந்தபோது கேற் பூட்டியே கிடந்தது.

"நோய் விசாரிக்கிற பெரிய நன்மை புள்ள. கதவச் சாத்துற நல்லாவா இரிக்கு?"

"நன்மையக் கேற்றில கொழுவிட்டுப் போங்க மாமி. நான் உள்ளுக்குக் கொண்டுபோய்க் குடுக்கிறன்."

நன்மை ஒரு கிலோ முந்திரிகையாக கேற்றில் தொங்கியது. கழுவி உள்ளே எடுக்கப்பட்டது.

ஆனால் உண்மையான யுத்தம் வேலிப் பக்கத்தில். இந்தப் பகுதியில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து குடியேறுகிறவர். நிஸ்மியாவுக்கும் தங்கை ஸாதியாவுக்கும் ஒரே வளவில் இரண்டு வீடுகள். இடையில் ஒரு வேலி, வேலியில் ஆள் நுழையும் ஒரு கடப்பு. அந்த வழியாகப் பத்து வருடங்களாகச் சுண்டல், சீனி, சண்டை, பிள்ளைகள் எல்லாம் தீர்வையின்றிப் போய் வந்தன. ஸாதியாவின் கணவர் ஜிப்ரியும் வருவார், ஒவ்வொரு பின்னேரமும், சகலனோடு கரம்போர்ட் விளையாட. பலசரக்குக் கடை முதலாளி, ஐம்பத்திரண்டு வயது. கஞ்சி போட்டு மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. காய்ச்சல், குளிர், கண்ணூறு எல்லாவற்றுக்கும் மருந்து அவருடைய கடையின் மூன்றாவது தட்டில் இருக்கிறது.

தன்னுடைய இரண்டு பையன்களுக்கு ஊசி கிடையாது என்று ஜிப்ரி அறிவித்தார். "நோயாளி ஒராள். ஊசி ஊருக்கெல்லாமா? ஊசி போட்டாத்தான் காச்சலே வரும். நாங்க கொத்தமல்லி குடிச்சு வளந்த ஆக்கள்."

ஐம்பத்திரண்டு வயது வணிகரும் ஆறு வயது மாணவரும் ஒரே நிலைப்பாட்டில் நிற்பதை வளவு அன்று கண்டது. மாணவருக்கு ஏற்கெனவே போட்டாகிவிட்டது என்பதுதான் வித்தியாசம்.

"கை ஒருநா நோகும், மேல் கொஞ்சம் சுடும். அது காச்சலில்ல மச்சான், ஊசி வேல செய்யிற. கொத்தமல்லியும் குடிங்க. குடிச்சிட்டு உங்கட பக்கமே இரிங்க."

"இது என்ட பொஞ்சாதிர வளவு, மச்சி!"

"அந்தப் பக்கம் அவள்ர. இந்தப் பக்கம் என்ட. காணி உறுதி எடுத்துக் காட்டவா?"

உறுதி தேவைப்படவில்லை. மறுநாள் காலையில் கடப்பு இல்லை. நாலு உரப்பைகளைப் பிரித்து, ஓரம் மடித்து, இரட்டைத் தையல் போட்டு, வேலிக் கம்பிகளோடு சேர்த்துத் தைத்திருந்தார். கண் உயரத்தில் ஒரு சிறு மடிப்பு ஜன்னல். அதற்குக் காஜாவும் பொத்தானும். வேலைப்பாட்டில் குறை சொல்ல எதிரிக்கும் இடமில்லை.

ஸாதியா அழுதாள். பையன்கள் திரைக்கு அடியால் பந்தை உருட்டினார்கள். மூத்த மச்சிக்குத் தலைக்கனம் என்று கடையில் தீர்ப்பானது. நிஸ்மியா மெசினை மிதித்துக்கொண்டே இருந்தார். வேலைக்கு இடையில் கணவரின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். சூடில்லை என்றால் மறுபடி மெசின் ஓடும். அவர் நெற்றியைத் தொடும் அந்த ஒரு கணம் மட்டும் உதட்டில் குண்டூசி இருப்பதில்லை.

மூன்றாம் கிழமை, ஜிப்ரி கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போன நாளில், ஸாதியா இரண்டு பையன்களையும் கையில் பிடித்துக்கொண்டு புளியந்தீவுக்கு பஸ் ஏறினாள். திரும்பி வந்து திரைக்கு அந்தப் பக்கம் நின்றாள். "ராத்தா, போட்டுட்டன். கோட்டைப் போடுங்க." ஜன்னல் வழியாக நீலச் சோக்கட்டி நீண்டது. பெரியவனுக்குப் பத்து வயது. ஒரே கோட்டில் முடிந்தது. சின்னவனுக்கு ஒன்று பாக்கி. "மூத்தவன் எண்டா ரெண்டு கிழமையில வரலாம். மத்தவன் ரெண்டாவதும் போட்டுத்தான்" என்றார் நிஸ்மியா. தங்கை என்று கழிவு இல்லை.

ஜிப்ரி திரும்பி வந்து கோடுகளைக் கண்டார். சட்டைகளைத் தோய்க்கப் போடச் சொன்னார். தோய்த்தார்கள். ஊசி போகவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் மழை விட்டிருந்தது. திரைக்கு அப்பால் கரம் காய்கள் அடிபடும் சத்தம் கேட்டது. அஸாம் தனியே இருந்து, தன்னோடு தானே விளையாடுகிறார். வெள்ளைக்கு ஒரு அடி. கதிரையை மெல்லத் திருப்பிக் கறுப்புக்கு ஒரு அடி. ஜிப்ரி புதுச் சட்டையோடு வந்து திரைமுன் நின்றார். பிறகு பொத்தானில் தட்டினார்.

"மச்சி. புள்ளையளுக்குத்தான் போட்டாச்சே. நான் ஒரு ஆட்டம் விளையாடிட்டுப் போறன்."

"நீங்க போட்டிங்களா?"

"நான் என்ன புள்ளையா?"

"தும்மலுக்கு வயசு தெரியுமா, மச்சான்?"

உள்ளேயிருந்து அஸாமின் மெலிந்த குரல் வந்தது. "விடு புள்ள. ஒரு ஆட்டந்தானே."

"பதினொரு நாள் வார்டில படுத்த காணாதா உங்களுக்கு?" என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டார் நிஸ்மியா. உள்ளே கதிரை மறுபடி கறுப்புப் பக்கம் திரும்பியது.

ஜிப்ரி போகவில்லை. ஜன்னலுக்கு நேரே, கடனே என்று தோளைக் காட்டிப் பக்கவாட்டில் திரும்பி நின்றார். நிஸ்மியா உதட்டுக் குண்டூசிகளை எடுத்துக் மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சுறையில் செருகினார். ஜன்னலால் கையை நீட்டி, கஞ்சி போட்ட அந்த வெள்ளைச் சட்டைக் கையில், தோளுக்கு நாலு விரற்கடை கீழே, நீலச் சோக்கட்டியால் சின்னதாக ஒரு வட்டம் போட்டு, ஊசி குத்த வேண்டிய இடத்தில் நடுவே ஒரு புள்ளியும் வைத்தார். பிறகு கையை உள்ளே இழுத்து, பொத்தானைப் பூட்டினார்.