சக்கரம் போன வழி

நல்லேப்பிள்ளி ரோட்டில் நடந்துகொண்டிருந்தோம். அப்பாவின் தலையில் தகரப்பெட்டி, அம்மாவின் இடுப்பில் அண்டா, என் கையில் ஆட்டுக்கயிறு. டவுனில் ஆற்றங்கரையோரம் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. அன்று காலை பதினொரு மணிவரை இருந்தது. இனி அத்தை வீட்டுக் கொட்டகையில் ஒரு மூலை.

"ஆத்தங்கரையில எத்தனையோ எடம் சும்மா கெடக்குது. நம்ம ஊட்டு மேலயே கோடு போடறதுக்கு எந்தப் படுபாவி வழி காட்டுனானோ" என்றாள் அம்மா.

நான் வாயைத் திறந்தேன்.

"ஆடு நடுரோட்டுக்குப் போகுது பாரு, இழுத்துப் புடி" என்றார் அப்பா.

ஆடு ஓரமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

வழி காட்டியவன் நான்தான். அதைப் பெருமையோடு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எனக்கு ஒன்பது வயது.

அந்தக் கோடையில் ஓர் எஞ்சினியர் மேடம் ஆற்றங்கரைக்கு வந்திருந்தார். கையில் நீளக் கம்பு, அதன் நுனியில் ஒற்றைச் சக்கரம், நடுவில் எண்கள் ஓடும் சின்னப் பெட்டி. தள்ளிக்கொண்டு போனால் எவ்வளவு தூரம் என்று அதுவே சொல்லும். நான் அவர் பின்னாலேயே அலைந்தேன். பெட்டிக்குள் என்ன இருக்கிறது, பின்னால் உருட்டினால் எண் குறையுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். குறையும் என்று உருட்டிக் காட்டினார்.

எங்கள் டவுனில் ஆற்றங்கரை மூன்று துண்டாகக் கிடந்தது. மேலே உடைந்த சறுக்குமரம் நிற்கும் பூங்கா, நடுவில் பாலத்தடி மைதானம், கடைசியில் படித்துறை. இடையில் ஒரு மதில், தாழம்புதர், பிறகு எங்களுடையதையும் சேர்த்து நான்கு வீடுகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் பஸ் போகும் ரோட்டில் ஏறிச் சுற்ற வேண்டும். மூன்றையும் சேர்த்து, தண்ணீர் ஓரமாகவே ஜனங்கள் நடக்கும்படி ஒரே பூங்காவாக ஆக்கப் போகிறார்களாம். கேட்டதற்கே எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"மோனே, ரோட்டுல ஏறாம படித்துறைக்குப் போக வழி உண்டோ?" என்று மலையாளம் கலந்து கேட்டார் மேடம்.

"உண்டுங்க. சக்கரத்த நாந் தள்ளட்டுங்களா?"

பேரம் அவ்வளவுதான்.

மதிலில் ஓட்டை இருந்தது. தாழம்புதருக்குள் ஆடுகள் போட்ட தடம் இருந்தது. பாலத்தடி தாண்டியதும் இரண்டு வழி: தண்ணீரை ஒட்டிப் பாறைமேல் போகலாம், இல்லையென்றால் நான்கு வீட்டு வாசல் வழியாகப் போகலாம். பாறையில் சக்கரம் குலுங்கும். வாசல்களோ சாணி மெழுகி வழவழவென்று கிடந்தன. சக்கரம் நன்றாக ஓட வேண்டும், எனக்கு வேறு கவலை இல்லை.

அப்பா எழுந்து விறகுக்கட்டைத் தள்ளிப்போட்டு இடம் விட்டார். "அடுப்புல முட்டிறாதடா, இன்னும் சோறு வேகுல" என்றார். அம்மா மேடத்துக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். படித்துறையில் மேடம் என் முதுகில் தட்டி, "மிடுக்கன்!" என்றார். கெட்டிக்காரன் என்று அர்த்தமாம். பள்ளிக்கூடத்தில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

மழை விட்டதும் பாலத்துத் தூணில் ஒரு படம் ஒட்டினார்கள். நீலத்தில் ஆறு, பக்கத்தில் பச்சை, பச்சைக்குள் ஒரு சிவப்புக் கோடு. நான்கு வீட்டு ஆட்களும் கூடி நின்றார்கள். நான் விரலை வைத்துக்கொண்டு போனேன். சறுக்குமரம், ஓட்டை, தாழம்புதர், வாசல்.

"அப்பா! இது நாந் தள்ளுன..."

அப்பாவின் உள்ளங்கை என் வாயை மூடியது. சிமெண்டு வாசம் அடித்தது.

"ரெண்டு நாளாக் காச்சலுங்க. ஒளறீட்டே இருக்கறான்" என்று மற்றவர்களிடம் சொன்னார்.

எனக்குக் காய்ச்சல் இல்லை. மகனின் திறமை வெளியே தெரிவது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன்.

அது புறம்போக்கு நிலம், கோடு எப்படிப் போயிருந்தாலும் ஒருநாள் கிளம்ப வேண்டியதுதான் என்று பிறகு பலர் சொன்னார்கள். இருக்கலாம். ஏழாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு ஏலப்பாறையில் தேயிலை மூட்டை தூக்கினேன், கோபாலபுரத்தில் லாரிக்குத் தார்ப்பாய் கட்டினேன், இன்னும் எங்கெங்கோ திரிந்தேன். யாராவது வழி கேட்டால், எதற்குப் போகிறீர்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள்.

வீடு போன மறுநாள் காலை அப்பா வேலை கேட்டுப் போனது அந்தப் பூங்காவுக்குத்தான்.

"அந்த எடத்துக்கேவா போறீங்க?" என்றாள் அம்மா.

"எடம் என்ன பண்ணுச்சு?"

நானும் கூடவே ஓடினேன். சறுக்குமரத்தடியில் நின்ற மேஸ்திரி ஒரு நூல் உருண்டையை அப்பாவிடம் நீட்டினார். "படித்துறை வரைக்கும் நூல் புடிக்கோணும். பொறகுதான் கல்லு பதிக்கறது. வழி தெரியுமா?"

"தெரியுமுங்க" என்றார் அப்பா. நூலின் நுனியை என் கையில் கொடுத்தார். "போ கண்ணு. அன்னைக்குப் போன மாதிரியே போ."

அவர் உருண்டையோடு பின்னால் வர, நான் நுனியைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஓடினேன். ஓட்டை, புதர், பாலத்தடி. உடைந்த ஓடுகள் பரவிக் கிடந்த எங்கள் வாசலில் கால் வைத்தபோது நூல் விறைத்து நின்றது. திரும்பிப் பார்த்தேன். அப்பா பாலத்தடியிலேயே உருண்டையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

நூல் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.