பறக்காமல் இறங்கிய பைலட் சார்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை தட்டச்சு இயந்திரத்தின் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தொழிற்சாலை மேஸ்திரி காதர் பாய் உள்ளே வந்தார். வாசலிலேயே வம்பை ஆரம்பிக்கும் மனிதர், அன்று என் எதிர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "இன்னா பாய், காலையிலயே மொகம் தொங்குது?" என்று நான்தான் கேட்டேன். "பைலட் சார் போய்ட்டாரும்மா. குளிக்கப் போனவரு வெளிய வரல" என்றார். வலிப்பு வந்தால் யாராவது உள்ளே ஓடிவர வேண்டுமே என்று வீட்டில் எந்தக் கதவையும் தாழிடாதவர் குமரவேல் சார். அன்று விருந்தாளிகள் வந்திருந்தார்கள். கூச்சப்பட்டுத் தாழ் போட்டிருக்கிறார்.

ஆம்பூரில் எங்கள் தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? ஆனால் சாவு வீட்டிலேயே சிலர் 'பைலட் பரீட்சையில் தோற்றவர்' என்று பேசினீர்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

குடியாத்தத்தில் லுங்கித் தறி போட்டிருந்த குடும்பம் அவருடையது. அப்பா பாதித் தறிகளை விற்று மகனை அமெரிக்கா அனுப்பினார். எழுபதுகளின் கடைசியில் இவர் விமானம் ஓட்டும் உரிமத்தோடு திரும்பிவந்தார். அந்த உரிமம் இங்கே அப்படியே செல்லாது, இந்திய உரிமமாக மாற்ற வேண்டும். அதற்கு இந்த நாட்டு விதிகளில் பரீட்சை, டெல்லியில் உடல் பரிசோதனை, கடைசியாக மெட்ராஸில் பரிசோதகரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுவது. அதுவரை பிழைக்க வேண்டுமே என்று எங்களிடம் வேலைக்குச் சேர்ந்தார். மதியத்தில் தோல் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து படிப்பார். விமானம் எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்பதைக் காற்றழுத்தத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்களாம்; அதை அமெரிக்காவில் அங்குலத்தில் சொல்வார்களாம், இங்கே மில்லிபாரில். "மாத்திப் புரிஞ்சிக்கினேன்னா மலையில போய் மோதிடுவேன் சிஸ்டர்" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

பரீட்சை முடிந்த வாரம் கிடங்கில் விழுந்தார். வாயில் நுரை, கை கால் வெட்டிவெட்டி இழுத்தது. பார்த்தது நானும் காதர் பாயும்தான். வலிப்பு வந்தவன் மூக்கில் தோல் செருப்பைக் காட்டுவது நம் பக்கத்து வழக்கம். அதனால் தோல் காற்றையே மூச்சாக இழுக்கிற ஆம்பூர்க்காரனுக்கு அந்த நோய் அண்டாது என்று காதர் பாய்க்குத் திடமான நம்பிக்கை. "குடியாத்தத்துல இருந்தப்ப வந்திருந்தா நம்புவேன். இங்க எப்பிடி வரும்? பித்தம்மா! ஜாஸ்தி படிக்கிறாரு, கம்மியா சாப்புடறாரு" என்று ஒரே போடாகப் போட்டார். குமரவேல் சார் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "பித்தம்தான்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். அதை அவர் நம்பவில்லை.

டெல்லியில் அவர் உடல் தகுதி பெற்றுவிட்டார். அலுவலகத்தில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். என் மேசைக்கு வந்தபோது குரலைத் தாழ்த்தி, "எப்பவாவது நெனவு தப்பியிருக்கான்னு டாக்டர் கேட்டாரு. இல்லன்னுட்டேன் சிஸ்டர்" என்றார். அந்த இனிப்பை நான் வாயில் வைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அவருடைய இடது கட்டைவிரலைக் கவனிக்கத் தொடங்கினேன். கிடங்கில் விழுவதற்குச் சற்று முன்னால் அது மட்டும் தனியாகத் துடித்ததைப் பார்த்திருந்தேன். தட்டச்சு செய்துகொண்டே அதைப் பார்ப்பேன். அதனால் என் கடிதங்களில் பிழைகள் மலிந்தன. இரண்டாவது முறை அவர் விழுந்தபோது குடியாத்தத்திலிருந்து அவருடைய அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வெளிய மூச்சு வுடாதம்மா. கல்யாணம் ஆவாத புள்ள. அவங்கப்பா உசுரே அந்த ஏரோப்ளேன்லதான் இருக்குது" என்றார். யாரிடம் சொல்வது, சொன்னால் யார் குடி கெடும், சொல்லாவிட்டால் யார் உயிர் போகும் என்று தெரியாமல் நான் தவித்தேன். மெட்ராஸ் தேதி நெருங்கிக்கொண்டே வந்தது.

அன்று துறைமுக வேலையாக நானும் காதர் பாயும் மெட்ராஸ் போக வேண்டியிருந்ததால் கம்பெனி வேனிலேயே அவரும் வந்தார். விமான நிலையத்தின் மேல் மேகம் கறுத்துத் தொங்கியது. வேலிக்கு வெளியே நாங்கள் நின்றோம். இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்ன விமானம். நரைத்த பரிசோதகர் ஒருவர் சிரித்துப் பேசிக்கொண்டே அவரோடு ஏறினார். விசிறி சுழல ஆரம்பித்தது. காதர் பாய் துவா கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தம் நின்றது. கண்ணைத் திறந்தால் விமானம் நின்ற இடத்திலேயே நிற்கிறது, விசிறி ஓய்ந்துவிட்டது. இரண்டு பேரும் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பரிசோதகர் அவர் தோளில் கை வைத்து வெகுநேரம் பேசினார்.

வேனில் ஏறியதும் குமரவேல் சார் சொன்னார்: "பெல்ட்ட இறுக்கிக்கினே வெளையாட்டாத்தான் கேட்டாரு, 'என்னப் பத்திரமா எறக்கிடுவ இல்ல தம்பி?'ன்னு. 'தெரியாது சார், எனக்கு வலிப்பு வருது'ன்னுட்டேன்." காதர் பாய் தலையில் அடித்துக்கொண்டார். "அய்யோ, அது பித்தம்னு எத்தினி வாட்டி சொன்னேன்!" குமரவேல் சார் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். பிறகு வாலாஜா தாண்டும்வரை அழுதுகொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு அவர் எதையும் மறைக்கவில்லை. வேலூர் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிக்கொண்டார். பெண் பார்க்கப் போன வீடுகளில் காபி வருவதற்கு முன்பே நோயைச் சொன்னார். பல வீடுகளில் காபி வரவேயில்லை. அவருடைய அப்பா சாகும்வரை அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "அப்பா மேல கோவமில்ல சிஸ்டர். என் பக்கத்துல உக்காந்த அந்தப் பரிசோதகரு அன்னிக்குப் பத்திரமா வூட்டுக்குப் போனாரு இல்ல, அது போதும்" என்பார்.

போன வருடம் என் மகள் பள்ளிக்கூடத்தில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர், "இதற்கு முன்னால் வந்திருக்கிறதா?" என்று கேட்டார். பெண்பிள்ளையாயிற்றே என்று மாமியார் என் முழங்கையைக் கிள்ளினார். "வந்திருக்கு டாக்டர், வீட்ல ரெண்டு தடவ" என்றேன். அப்படி வாயைத் திறக்க எனக்குத் துணிச்சல் வந்தது குமரவேல் சாரால்தான். இன்று அவள் எல்லோர் எதிரிலும் மாத்திரை போட்டுக்கொள்கிறாள்.

ஆனால் அவரும் மாத்திரை போட்டவர்தானே. இதை எழுதும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. சாவு வீட்டிலிருந்து திரும்பி வந்த அன்று மகள் கேட்டாள்: "நானும் அந்த மாதிரி போய்டுவனாம்மா?"

மாட்டாய் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டேன். "மாத்திர போட்டா பயம் ரொம்பக் கம்மின்னு டாக்டர் சொல்றாரு. சுத்தமா இல்லன்னு என்னால சொல்ல முடியலடி" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என் மடியில் படுத்திருந்தாள். பிறகு எழுந்து போய்த் தண்ணீர் எடுத்துவந்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டாள்.