டில்லிபாபு இறுக்கி அடித்த மேட்

டில்லிபாபுவைப் பற்றி நான் எழுதுவது இது இரண்டாவது முறை. முதல் முறை எழுதியது ஆங்கிலத்தில், இரண்டு பக்கம், கம்பெனி நிர்வாகத்துக்கு.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வால்வு செய்யும் கம்பெனி எங்களுடையது. அதற்கு ஒரு கிரிக்கெட் டீம் இருந்தது. லீகில் மூன்றாம் டிவிஷனில் ஆடியது. டில்லிபாபு அதன் வேகப்பந்து வீச்சாளர். காலை ஆறு மணிக்கு ஷிப்டுக்கு வருவார். வார்ப்பில் வந்த உருப்படிகளின் பிசிரைத் தேய்த்து எடுப்பார். பதினொரு மணிக்குக் கையைக் கழுவிவிட்டுப் பயிற்சிக்குப் போவார். பதினொரு வருடம் இப்படித்தான். பதினொரு வருடமும் காண்ட்ராக்ட். காண்ட்ராக்டர்கள் மூன்று பேர் மாறினார்கள், இவருடைய அடையாள அட்டையின் நிறம் மூன்று முறை மாறியது, வேறெதுவும் மாறவில்லை. கம்பெனி அவரை வைத்திருப்பது பந்து வீசுவதற்காகத்தான் என்பது அவர் உட்பட எல்லோருக்கும் தெரியும்.

நான் அதே டீமில் ஆறாவதாக பேட் செய்தவன். பி.காம். படித்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான் என்பதால் எங்கே ஒரு தாளை நீட்டினாலும் நான்தான் எழுத வேண்டும் என்று ஆகிவிட்டது. வீட்டில் ரேஷன் மனு, தெருவில் குடிநீர் மனு, கம்பெனியில் டீமின் வருட அறிக்கை. இந்த சீசனில் டீம் எப்படி ஆடியது, அடுத்த சீசனில் என்ன எதிர்பார்க்கலாம் என்று ஒவ்வொரு மார்ச் மாதமும் நான் எழுதிக் கொடுப்பேன். நானும் டீமுக்காக எடுத்த காண்ட்ராக்ட் ஆள்தான், ஆனால் ஸ்டோர்ஸில் என் வேலை நாற்காலியில் உட்கார்ந்து செய்வது. என் பெயர் கிஷோர், ஆனால் டில்லிபாபு என்னை ‘டிகிரி’ என்றுதான் கூப்பிடுவார். அதில் கிண்டல் எவ்வளவு, மரியாதை எவ்வளவு என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அவர் பிறந்தது மண்ணூர்பேட்டையில். அப்பா சின்னப்பையன், எஸ்டேட்டில் லாரிகளுக்குச் சுமை ஏற்றியவர். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்ட டில்லிபாபு, இருபது வயதுக்குள் ஆவடியிலிருந்து குமணன்சாவடி வரைக்கும் டென்னிஸ் பந்து ஆட்டங்களில் பெயர் தெரிந்த ஆளாகிவிட்டார். வெளி டீம்கள் வண்டி வைத்து வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். ஒரு பிரியாணி, ஒரு டீ-சர்ட், அவ்வளவுதான் கூலி. இருபத்தைந்து வயதில் அப்போதைய மேனேஜர் ஒருவர் பார்த்துக் கம்பெனிக்கு அழைத்துவந்தார். இரண்டு வருடத்தில் பர்மனென்ட் என்று சொல்லித்தான் அழைத்தார். அந்த மேனேஜர் ஓய்வு பெற்றுப் போனார். அந்தச் சொல் மட்டும் கம்பெனியிலேயே தங்கிவிட்டது. ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் யாராவது ஒருவர் அதை எடுத்து அவர்முன் ஆட்டிக் காட்டுவார்.

முப்பத்தாறு வயதில் அவருக்கு வேகம் போய்விட்டது. இடது முழங்காலில் உறை போட்டுக்கொண்டுதான் ஓடி வருவார். ஆனால் அவருக்கு மேட் தெரியும். எங்கள் டிவிஷனில் புல் பிட்ச் கிடையாது. உருட்டிக் கெட்டியாக்கிய மண்ணின்மேல் தேங்காய் நார் மேட்டை விரித்து, ஓரங்களில் நீள ஆணி அடித்து ஆட வேண்டும். சொந்த மைதானத்தில் ஆடும் டீம்தான் மேட் போட வேண்டும் என்பது வழக்கம். லேசாகத் தளர்த்தி விட்டால் பந்து மெதுவாக வரும், நின்று ஆடலாம். கடப்பாரையால் இழுத்து இறுக்கி, கீழே மண்ணை முந்தின நாளே நனைத்துக் காயவிட்டால் பந்து நெஞ்சுக்கு எகிறும். எங்கள் டீமின் பேட்டிங் பலவீனம். அதனால் நான்கு சீசனாக எங்கள் மேட் எப்போதும் தளர்வாகவே இருந்தது. அது டீமுக்காக. டில்லிபாபு தன்னுடைய பந்துக்கு எகிறல் இல்லாமலேயே அந்த நான்கு சீசனும் வீசினார்.

கடைசி சீசன் மோசமாகப் போனது. பதினோரு ஆட்டத்தில் பத்து முடிந்தபோது ஜெயித்தது மூன்று. பன்னிரண்டு டீமில் கடைசி இரண்டு டீம்கள் நான்காம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும். நாங்கள் பதினொன்றாவது இடத்தில் இருந்தோம். கடைசி ஆட்டத்தை ஜெயித்தால் தப்பிப்போம்.

அந்த வாரம், டீமுக்குப் பொறுப்பாளரான மனிதவள அதிகாரி அழகேசன் எங்களை கேன்டீனில் உட்காரவைத்துப் பேசினார். நான்காம் டிவிஷனில் ஆடும் டீமுக்கு நிர்வாகம் செலவு செய்யாது என்றார். இறங்கினால் டீம் இல்லை, டீமுக்காக எடுத்த காண்ட்ராக்ட் ஆட்களும் இல்லை. பிறகு கொஞ்சம் குரலைத் தணித்து, ஒரே ஒரு ஆளை பர்மனென்டுக்குப் பரிந்துரைக்க அனுமதி வாங்கியிருக்கிறேன், கடைசி ஆட்டத்தின் பர்ஃபார்மன்ஸையும் பார்த்துத்தான் பெயர் போடுவேன் என்றார். பேசும்போது அவர் டில்லிபாபுவைப் பார்க்கவில்லை. நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

ஆட்டத்தன்று காலை ஆறரைக்கு நான் அயப்பாக்கம் மைதானத்துக்குப் போனேன். மேட்டின் ஒரு முனையைப் பிடிப்பது என் வேலை. டில்லிபாபு எனக்கு முன்பே வந்திருந்தார். மண் கெட்டியாக, வெளுப்பாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலமே வந்து நனைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பது பார்த்ததும் தெரிந்தது. கடப்பாரையை மேட் ஓரத்து வளையத்தில் கொடுத்து அவர் இழுத்த இழுப்பில் மேட் சுருக்கமே இல்லாமல் விறைத்து நின்றது. ஆணியை அடிக்கும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கேப்டன் தஸ்தகீர் ஏழரைக்கு வந்தார். கம்பெனியில் எலக்ட்ரீஷியன், பர்மனென்ட் ஆள், சுழற்பந்து போடுபவர். மேட்டில் ஒரு பந்தைப் போட்டுப் பார்த்தார். அது அவர் தாடைக்கு வந்தது.

“இன்னா மாமே, மேட்டு போட்டியா, மேளம் கட்னியா?” என்றார்.

“நூத்தி நாப்பதுக்குள்ள சுருட்டித் தரேன் பாய். அத்த அடிக்க மாட்டீங்களா பதினோரு பேரு?”

தஸ்தகீருக்கு முகம் மாறியது. ஆணியைப் பிடுங்கச் சொன்னார். ஆனால் எதிர் டீம் வண்டியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது, அம்பயர்களும் வந்துவிட்டார்கள். இனிமேல் நாங்கள் மேட்டைத் தொட முடியாது. எதிர் டீமில் ஆறடிக்கு மேல் உயரமான ஒரு கல்லூரிப் பையன் கைகளை உதறிக்கொண்டே பிட்ச் பக்கம் வந்து மேட்டைக் குனிந்து பார்த்தான். சிரித்துக்கொண்டே போனான்.

அவர்கள் டாஸ் ஜெயித்து பேட் செய்தார்கள். அன்று டில்லிபாபு வீசியதைப்போல அவர் வீசி நான் பார்த்ததில்லை. பந்து ஒவ்வொன்றும் கிளவுஸுக்கு எகிறியது. ஓடி வந்து வீசிவிட்டு, நொண்டிக்கொண்டே திரும்பி நடப்பார். ஐந்து விக்கெட். எதிர் டீம் நூற்று முப்பத்தெட்டுக்கு ஆல் அவுட். சொன்னதைச் சொன்னபடி செய்துவிட்டு, கால்களை நீட்டி மரத்தடியில் உட்கார்ந்தார்.

வெயில் ஏறியதும் மேட்டுக்குக் கீழே மண் இன்னும் இறுகியது. உயரமான பையன் வீசினான். எங்கள் முதல் இரண்டு பேரும் நெஞ்சில் அடி வாங்கி, பயந்து, அவுட் ஆனார்கள். நான் போனபோது நாற்பத்தொன்றுக்கு நான்கு. எட்டு பந்து நின்றேன். ஒன்பதாவது பந்து கழுத்துக்கு வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன், கிளவுஸில் பட்டு கேட்ச். மூன்று ரன். எழுபத்தொன்றுக்கு எல்லாம் முடிந்தது. மற்றவர்கள் சாமான்களை வண்டியில் ஏற்றினார்கள். டில்லிபாபு மட்டும் மேட்டிலிருந்து ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கி, எண்ணி, டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த திங்கள்கிழமை அறிக்கை கேட்டார்கள். எழுத உட்காரும் முன்பு டில்லிபாபு ஸ்டோர்ஸ் ஜன்னலில் வந்து நின்றார். சீசனில் இருபத்தேழு விக்கெட், கடைசி ஆட்டத்தில் ஐந்து, அதை மறக்காமல் போடச் சொன்னார். டீம் போனாலும் ஆளை நிறுத்திக்கொள்வார்கள் என்று அவர் இன்னும் நம்பினார் என்று நினைக்கிறேன். போட்டேன். அடுத்த சீசனுக்கு நான்காம் டிவிஷனிலாவது டீமை வைத்திருக்க வேண்டும், டில்லிபாபுவுக்கு நிரந்தர வேலை தந்து இளைஞர்களுக்குப் பயிற்சி தரச் சொல்லலாம் என்றும் எழுதினேன். அந்தப் பத்தியை எழுதியபோது எனக்கு என்மேலேயே நல்ல எண்ணம் வந்தது.

தோல்விக்கான காரணம் என்று ஒரு தலைப்பு இருந்தது. அதன்கீழ் ஒரு வரி எழுதினேன்: கடைசி ஆட்டத்தில் ஆடுகளம் நம் பேட்ஸ்மேன்களுக்கு ஏற்றபடி தயார் செய்யப்படவில்லை.

அது பொய் இல்லை. பல நாள் அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த வரியை ஏன் எழுதினேன் என்று கேட்டால், கீழே அட்டவணையில் என் பெயருக்கு நேரே மூன்று என்று இருந்தது. மேலே ஒரு காரணம் இருந்தால் அந்த மூன்று அவ்வளவு கேவலமாகத் தெரியாது. படித்தவன் எழுதும் வாக்கியம். யார் பெயரும் இல்லாமல், யார்மேலும் பழி இல்லாததைப்போல. கல்லூரியில் எனக்குக் கிடைத்தது இந்தத் திறமைதானா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

அழகேசன் அறிக்கையை என் முன்னாலேயே படித்தார். அந்த வரியில் பேனாவை நிறுத்தினார். களம் தயார் செய்தது யார் என்று கேட்டார். டில்லிபாபுதான், எப்போதும் அவர்தான் என்றேன். எப்போதும் இப்படித்தான் போடுவாரா என்று கேட்டார். இல்லை சார் என்றேன். இரண்டு பதிலும் உண்மை. அவர் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்:

“தனக்கு விக்கெட் விழணும்னு டீமைக் கவுத்திருக்கான். இவனைப் போய் நான் பரிந்துரை பண்ண இருந்தேன் பாரு.”

இல்லை, நூற்று முப்பத்தெட்டு அடிக்கக்கூடியதுதான், நாங்கள்தான் அடிக்கவில்லை என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது. ஸ்டோர்ஸில் என்னை நிறுத்திக்கொள்வதைப் பற்றி அவர் அடுத்து பேச ஆரம்பித்துவிட்டார்.

ஏப்ரல் முதல் தேதி காலை டில்லிபாபுவின் அட்டை கேட்டில் வேலை செய்யவில்லை. செக்யூரிட்டி இரண்டு முறை தேய்த்துப் பார்த்துவிட்டு ஓரமாக நிற்கச் சொன்னார். பத்து மணிவரை நின்றாராம். காண்ட்ராக்டரின் ஆள் வந்து விஷயத்தைச் சொல்லி, அட்டையை வாங்கிக்கொண்டு போனான். டீமுக்காக எடுத்த வேறு நான்கு பேரும் அதே மாதத்தில் போனார்கள். தஸ்தகீர் இருக்கிறார். நான் இருக்கிறேன். இந்த வருட லீக் பட்டியலில் எங்கள் கம்பெனி பெயர் இல்லை.

அவரைப் பார்க்கப் போக எனக்கு ஐந்து வாரம் ஆனது. வேறு வேலை கிடைத்ததா என்று தஸ்தகீரிடம் கேட்டேன். குமணன்சாவடியில் ஒரு டீம் கூப்பிட்டு, முழங்காலைப் பார்த்து அனுப்பிவிட்டதாகவும், இப்போது மாங்காட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாகப் பன்னிரண்டு மணி நேரம் நிற்பதாகவும் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்ணூர்பேட்டைக்குப் போனேன். தெருவில் தண்ணீர் லாரி நின்றது. டில்லிபாபு குடங்களோடு வரிசையில் இருந்தார். மனைவி சுரேகா நிரம்பிய குடங்களை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டில்லிபாபு, “வா டிகிரி” என்றார், வழக்கம்போல.

அந்த வரியைப் பற்றிச் சொல்லிவிடுவது என்று வழி முழுக்கத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். ஆரம்பிப்பதற்குள் அவரே சொன்னார்.

“அழகேசன் காட்னாருப்பா. படிச்சி அர்த்தமும் சொன்னாரு. நீ எழுதுனது நெசந்தான். மேட்ட இறுக்குனது நான். எனக்கோசரம்தான் இறுக்குனேன். நாலு வருசம் டீமுக்கோசரம் போட்டேன், ஒரு நாளு எனக்குப் போட்டுக்கினேன்.”

குழாயின் கீழே குடத்தை நகர்த்தினார். பிறகு, அதே குரலில் கேட்டார்.

“ஆனா நூத்தி முப்பத்தெட்டு. ஒரே ஒருத்தன் நின்னா போதும். நீ மூஞ்சியத் திருப்பிக்கின. அத்த ஏன் எழுதல?”

வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தி எங்களைப் பார்த்தார்கள். சுரேகா காலிக் குடத்தோடு திரும்பி வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் அதை வைத்தார். மகள் மதிவதனிக்கு ஜூனில் ஐந்தாம் வகுப்புக்குப் புத்தகம் வாங்க வேண்டும் என்பதைப் பேசுவதைப்போல, சாதாரணமாக, என்னைப் பார்த்துக் கேட்டார்.

“உன்க்கு வேலை கீதுல்ல?”

“கீது அண்ணி.”

“அப்ப உட்டுடாத. கெட்டியாப் புடிச்சிக்கோ.”

அதில் கோபம் இருந்ததா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் நிரம்பிய குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பிவிட்டார். நான் இன்னொரு குடத்தைத் தூக்கக் குனிந்தேன். டில்லிபாபு என் கையை விலக்கிவிட்டார்.

“ஓரமா நில்லு கிஷோரு. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க.”