ஒரு சுருக்கமாவது வேண்டும்

யாரைப் பார்த்தாலும் இஸ்திரிக்காரரின் கை முதலில் அவர்களுடைய காலருக்குத்தான் போகும். மடங்கியிருந்தால் இழுத்துவிடுவார், நேராக இருந்தாலும் ஒருமுறை தடவிவிடுவார். நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் செய்தித்தாளை வாங்கி, தலைப்பைக்கூடப் பார்க்காமல், தொடைமேல் வைத்து நீவித் திருப்பிக் கொடுப்பார். வீட்டில் மனைவி எதையாவது யோசித்தால், "நெத்தியச் சுருக்காத" என்பார். "சுருக்கினா என்ன, இஸ்திரிப் பெட்டியோட வந்துடுவீங்களா?" என்பார் அந்த அம்மா. பதில் சொல்லுமுன் அவர் ஒரு கணம் யோசிப்பதுதான் கொஞ்சம் பயமாக இருக்கும்.

இப்படிப்பட்டவர் ஓவியம் கற்றுக்கொள்ளப் போனது ஒரு கறையால். வாடிக்கையாகத் துணி போடும் பல் டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டில் நீலமாக ஒரு திட்டு. நடுவில் அடர்ந்து, ஓரத்தில் மூச்சுவிட்டதுபோல் கரைந்திருந்தது. எதைப் போட்டும் போகவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இவர் கோட்டை நீட்டினார். அது வாட்டர்கலர் என்றும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெராக்ஸ் கடை மாடியில் தான் அதைக் கற்றுக்கொள்வதாகவும் டாக்டரம்மா சொன்னார். "வேணும்னே கறை வைக்கிறதுக்கு ஒரு வகுப்பா?" என்று கேட்டவர், அடுத்த ஞாயிறே மாடிப்படி ஏறிவிட்டார்.

வகுப்பில் அவருக்குக் கிடைத்த மரியாதை தொழிலால் வந்தது. ஈரம் பட்டுக் காய்ந்து ஓடுபோல் வளைந்து நிற்கும் தாள்களைக் கடைக்குக் கொண்டுபோய், பின்பக்கமாக மெல்லிய சூட்டில் தேய்த்துத் தட்டையாக்கிக் கொண்டுவருவார். மற்றபடி அவருடைய ஓவியத்தைப் பற்றி உயர்வாகச் சொல்ல ஒன்றுமில்லை. கசங்கிய வெள்ளைத் துணி ஒன்றை மேசையில் போட்டு, பக்கவாட்டில் விளக்கைத் திருப்பி, அதை வரையச் சொல்லியிருந்தார் டீச்சர். வாரக்கணக்கில் இவர் வரைந்தது ஒரு பலகை. இதில் துணி எங்கே என்று டீச்சர் கேட்டார். "நல்லா தேய்ச்ச துணி டீச்சர்" என்றார் இவர், சற்றுப் பெருமையாக.

அவர் ஏமாற்றவில்லை. சுருக்கம் கண்ணில் பட்டதுமே மனம் அதை நீவிவிடுகிறது; கைக்கு வந்து சேர்வது நீவிய துணிதான். ஆனால் வெளிச்சத்துக்கென்று தனியாக உருவம் கிடையாது. எதிலாவது இடறினால்தான் அது கண்ணுக்குத் தெரியும். அது இடறக்கூடிய மேடுகளை எல்லாம் சமன் செய்வதையே பிழைப்பாகக் கொண்ட மனிதருக்கு இதை எப்படிப் புரியவைப்பது? டீச்சர் அதற்கு முயலவில்லை. அடுத்த ஞாயிறு தாளில் ஒரு சுருக்கமாவது விழவேண்டும், இல்லாவிட்டால் காலை வகுப்பில் சேர்ந்து பலூனிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று சொல்லிவிட்டார்.

காலை வகுப்பு சின்னப் பிள்ளைகளுக்கு. நாற்காலிகள் முழங்கால் உயரம்கூட இல்லை. அவருடைய மச்சினன் மகள் அங்கேதான் படிக்கிறாள். செய்தி எப்படியோ அவள் காதுக்கு எட்டிவிட்டது. "என் பக்கத்துல உக்காந்துக்கோங்க மாமா, ரப்பர் தர்றேன்" என்று ஆறுதல் சொன்னாள். அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. மச்சினன் வாய்க்கு அவலாவதைவிட வகுப்புக்கே முழுக்குப் போட்டுவிடலாம் என்று மனைவியிடம் புலம்பினார்.

"இத்தன வருஷமா கசங்கின துணியத்தானே பாத்துட்டு இருக்கீங்க?"

"எங்க பாத்தேன்? வந்த சுருக்கத்த வந்ததும் அழிச்சுட்டுல்ல இருக்கேன்."

ஞாயிறன்று முதல் ஆளாகப் போனார். அறையில் யாருமில்லை, மேசைமேல் அந்தத் துணி மட்டும். மற்றவர்கள் வந்தபோது அது நாலாக மடிக்கப்பட்டு, ஓரம் பிசகாமல் விளக்கடியில் இருந்தது. எப்போது மடித்தேன் என்றே தெரியவில்லை என்றார் பரிதாபமாக. "வலிக்குதான்னு கேக்குறதுக்கு முன்னாடியே பல்லப் புடுங்கிட்டீங்களேண்ணே" என்றார் டாக்டரம்மா. டீச்சர் சிரிக்கவில்லை. துணியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"நீங்களே கசக்குங்க."

அவர் முதலில் அதை இன்னொரு மடிப்பு மடித்தார். பிறகு உதறி விரித்து, ஒரு மூலையை மட்டும் லேசாகத் தூக்கிவிட்டு, போதுமா என்று டீச்சர் முகத்தைப் பார்த்தார். போதாது. கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் முறுக்கித் திருகி, சுட்டதைப் போடுவதுபோல் மேசைமேல் போட்டார். கண்ணைத் திறந்தபோது முகம் வெளிறியிருந்தது.

தான் செய்த அநியாயத்திலிருந்து பார்வையை அகற்ற இப்போது அவரால் முடியவில்லை. தூரிகையை நனைத்து, தேய்க்கிற வரிசையிலேயே வரைய ஆரம்பித்தார், ஒவ்வொரு சுருக்கத்தையும் வாய்க்குள் திட்டியபடி. "இது ஒரே இழுப்புல போயிடும்" என்று ஒன்றுக்கு வெளிறிய நீலம். "இவன் எத்தன தடவ தேய்ச்சாலும் எந்திரிச்சு நிப்பான்" என்று இன்னொன்றின் அடியில் அழுத்தமான நீலம். மேடுகளை அவர் தொடவில்லை; தாளின் வெள்ளையையே அங்கே விட்டுவைத்தார். விளக்கின் வெளிச்சம் அவற்றின் மேல் வந்து உட்கார்ந்தது. டாக்டரம்மா தன் படத்தை விட்டு எழுந்து வந்து நின்றார். டீச்சரும் வந்தார். வந்தவர் அங்கிருந்து நகரவில்லை.

இஸ்திரிக்காரர் தூரிகையை வைத்துவிட்டு, தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். பிறகு அதை மேசையில் விரித்து, இடது உள்ளங்கையால் ஓரத்தை அழுத்திக்கொண்டு, தேய்ப்பதற்கு முன் தெளிப்பதற்காக வலக்கை விரல்களைத் தண்ணீர்க் குவளையில் முக்கி எடுத்தார். உதறப் போன அந்தக் கையை டீச்சர் இரண்டு கையாலும் எட்டிப் பிடித்துக்கொண்டார்.