எதிர்க்கடை வெல்லம்

திருவள்ளூரில் பெருமாள் கோயில் குளத்துப் படிக்கட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு வெல்லக்கடை இருந்தது. நோய்க்காரர்கள் அமாவாசைக்கு வந்து முழுக்குப் போட்டுக் குளத்தில் வெல்லம் கரைப்பார்கள். வெல்லம் கரைகிற மாதிரி நோயும் கரையும் என்று நம்பிக்கை. வாங்கும்போதே, "கரையுமாம்மா?" என்று கேட்பார்கள். "கரையும், போய்க் கரைச்சிட்டு வா" என்பேன். நான் சொன்னால் அவர்களுக்கு ஒரு தெம்பு. எனக்கு அதில் கர்வம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

எதிரே இன்னொரு வெல்லக்கடை. குளக்கரையில் அந்த இரண்டு கடைதான். அந்தக் கடைக்காரி ஓர் அமாவாசைக் கூட்டத்தில், "அங்க வாங்காதீங்க, எல்லாம் மண்ணு" என்று என்னைக் காட்டிக் கூவினாள். அதன்பிறகு வருஷக்கணக்காக அவளோடு எனக்குப் பேச்சு கிடையாது.

சுதந்திரம் வந்து சில வருஷம் கழித்து என் வீட்டுக்காரர் சந்தையில் ஒருவனிடம் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். வலி போயிற்று என்று அன்றைக்கு இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டார். கொஞ்ச நாளில் காய்ச்சல் பிடித்தது. சாயங்காலம் உடம்பு சுடும், காலையில் விட்டுவிடும். கஷாயம் குடித்தார், தீர்த்தம் குடித்தார், மாத்திரையும் போட்டார். வேட்டி இடுப்பில் நிற்காமல் ஆள் இளைத்த பிறகுதான் ரயிலேற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

டாக்டர் அவர் நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். "சின்ன வயசுல முட்டி வீங்கி ஜுரம் வந்துதா?" என்றார். வந்திருந்தது. என் மாமியார் சொல்லியிருக்கிறாள்.

"அப்பவே இருதயத்துல வால்வு கெட்டிருக்கு. ரத்தம் திரும்பிடாம மூடுற கதவும்மா அது. இப்ப பல்லு புடுங்கின எடத்துலேர்ந்து கிருமி போய் அதுமேல உக்காந்துகினு தின்னுது."

"எடுத்துடுங்களேன், சாமி."

"கைவச்சு எடுக்கிற எடமா அது? ஊசி போட்டுத்தான் கொல்லணும். வாரக்கணக்குல போடணும்."

பென்சிலின் ஊசி. பகலென்றும் இராவென்றும் பாராமல் நாலு மணிக்கொரு தரம் குத்தினார்கள். குத்திக் குத்திப் பின்பக்கம் கல்லாகிவிட்டது. உட்கார முடியாமல் ஒருக்களித்தே கிடந்தார். அப்போதும் வாய் சும்மா இருக்காது. "கோணி மூட்டையக்கூட இத்தினி தரம் தெக்க மாட்டாங்கம்மே" என்று நர்சு காதில் விழவே சொல்வார்.

ஒரு நாள் கேட்டார்: "கொளத்துல வெல்லம் கரைச்சியா?"

கரைக்கவில்லை. விற்கிற சரக்கை எடுத்து வேண்டுதல் செய்தால் செல்லாது, காசு கொடுத்து வாங்கினதுதான் செல்லும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"எதிர்க்கடையில வாங்கு."

"அவகிட்டயா? இன்னா பேசறீங்க?"

"நான் செத்துப்பூட்டா யாருகிட்ட வீராப்பு காட்டுவே? போய் வாங்கு."

அடுத்த அமாவாசைக்கு ஊர் வந்து அவள் கடை முன்னால் போய் நின்றேன். தலை நிமிர்ந்துதான் நின்றேன். "ஓர் உருண்டை" என்றேன். இன்றைக்கு நன்றாகக் கேட்கப் போகிறாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். தட்டில் இருந்ததை விட்டுவிட்டு உள்ளே போய், நல்ல வெள்ளை வெல்லமாக ஒன்றை எடுத்து வந்தாள்.

"டப்பு குடுக்கா. சும்மா குடுத்தா பலிக்காது" என்றாள். காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மண்ணு இல்லக்கா இதுல" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அவளிடம் காட்டவில்லை.

அதைக் குளத்தில் கரைத்துவிட்டுப் பட்டணம் திரும்பினேன். காய்ச்சல் விட்டது. ஊசியை ஒன்று விடாமல் போட்டு முடித்துத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்தவர் குளத்துக்கு இறங்கினார். திரும்பி ஏறுகையில் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு இரைத்தது. அப்புறம் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டும், தலையணையை அடுக்கிச் சாய்ந்தே தூங்குவார். மறுபடியும் பட்டணம் போனோம்.

"கிருமி இல்ல, செத்துப்போச்சு" என்றார் அதே டாக்டர்.

"அப்புறம் இன்னாத்துக்குங்க இப்படி?"

"கரையானைக் கொன்னுட்டோம்மா. அது தின்ன மரம் தின்னதுதானே? கதவு கிழிஞ்சுபோச்சு. ரத்தம் திரும்பித் திரும்பி வருது. சீமையில இப்பத்தான் இருதயத்தை அறுத்துப் பாக்குறாங்களாம். இங்க நம்மகிட்ட அதுக்கு வழியில்லை." நீர் இறங்க மாத்திரை கொடுத்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

கிருமியே இல்லையென்று சொன்ன பிறகு ஒரு மனிதன் கண்ணெதிரே அழிவதைப் பார்ப்பது என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அமாவாசை தவறாமல் எதிர்க்கடையில் வாங்கிக் கரைத்தேன். வெல்லம் ஒவ்வொரு தரமும் ஒழுங்காகக் கரைந்தது. வீட்டில் அவர் சுவரில் சாய்ந்து, "இன்னிக்கு வியாபாரம் எப்படி?" என்று பாதி மூச்சில் கேட்பார். மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டார். சாய்ந்தபடியே போனார்.

காரியமெல்லாம் முடிந்து கடை திறந்த முதல் அமாவாசைக்கு ஓர் அம்மாள் வந்தாள். கூடவே மூச்சு வாங்கிக்கொண்டு அவள் புருஷன். "கரையுமாம்மா?" என்றாள். உருண்டையைக் கையில் எடுத்துவிட்டேன். அவள் புருஷன் மூச்சு வாங்குவதைப் பார்த்து அதைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

எதிர்க்கடையிலிருந்து சத்தம் வந்தது: "கரையும்மா, கரையும்! போய்க் கரைச்சிட்டு வா!"

அந்த அம்மாள் என்னை விட்டு நகர்ந்து அங்கே போய் வாங்கிக்கொண்டாள். நான் தடுக்கவில்லை.